வராதவர்களுக்கு ஒரு ரெஜிஸ்டர்: ஐந்து நாள் பயணம்

முதல் நாள்: கீழ்ப்பாக்கம், பிறகு ரயில்

முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்தேன். அதில் பதினான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷன். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் எழுதிய கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கிற உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. கல்யாண வீட்டில் மொய் நோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன்.

வீட்டில் தம்பி இருக்கிறான். வயது 52. 1997-லிருந்து ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய். மாத்திரை தவறாமல் போட்டால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவான், பேப்பர் படிப்பான், என் சமையலைத் திட்டுவான். தவறினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் தெரு நர்ஸக்கா. மனநல வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நோயாளிகளின் உரிமை பற்றிய புகார்களை விசாரிக்க மறுஆய்வு வாரியம் என்று ஒன்று உண்டு. நீதிபதி, கலெக்டரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர், இவர்களோடு மேலும் இரண்டு பேர். அந்த இரண்டு இடமும் நோயை அனுபவித்தவர்களுக்கோ, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கோ, தொண்டு நிறுவனக்காரர்களுக்கோ உரியது. “நீ விண்ணப்பம் போடு, உனக்குத்தான் நோண்டத் தெரியுமே” என்று நர்ஸக்கா ஆறு மாதமாக நச்சரிக்கிறார். போடுவதற்கு முன் நாலு ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். சமூகப்பணி படிக்கிற அவருடைய அண்ணன் பேரனும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்து வாசல்வரை போனோம். சென்னையில் 1794-ல் ஒரு மருத்துவர் தனியார் விடுதியாகத் தொடங்கியது, 1871-ல் இந்த இடத்துக்கு வந்தது. 1961 முதல் 1978 வரை இதை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். நர்ஸக்கா அவர் பெயரைச் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது. தம்பிக்கு முதன்முதலில் சீட்டு எழுதியதும் இங்கேதான். வேப்பமரத்தடியில் இன்றைக்கும் ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதிக நேரம் நிற்கவில்லை.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் பையன் தன் குறிப்பேட்டை எடுத்தான். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், நூறு பேருக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டிய கிளை இருபது பேருக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டார்கள். மற்றது நாளைக்கு.

இரண்டாம் நாள்: குணசீலம்

திருச்சியில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு, சத்திரம் பஸ் நிலையத்தில் முசிறி பஸ் பிடித்தோம். வலதுபக்கம் வாழைத் தோப்பு, இடதுபக்கம் காவிரி. முக்கால் மணி நேரத்தில் குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கையில் செங்கோலோடு நிற்கிற கோயில். மனம் பேதலித்தவர்களை இங்கே அழைத்து வந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பார்கள். உச்சிக்காலத்திலும் இரவிலும் பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள்.

உச்சிக்காலத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் சுள்ளென்று தண்ணீர் விழுந்தது. ஒரு பெண் திடுக்கிட்டு, அப்புறம் சிரித்தாள். அவள் அம்மா தலைப்பால் துடைத்துவிட்டார். நாமக்கல் பக்கமாம். “டாக்டர்கிட்டயும் காட்டுறோம், சாமிகிட்டயும் விட்டிருக்கோம்மா” என்றார். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு இதில் கொஞ்சம் சண்டை உண்டு. கோயிலில் தங்கவைத்தால் நோய் குணமாகும் என்று சொல்கிறவர்களிடம் நான் இருபத்தைந்து வருடமாக மல்லுக்கு நிற்கிறேன். ஆனால் பையன் ஒரு ஆய்வைச் சொல்லி என் வாயை அடைத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்து மருத்துவர்கள் தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பார்த்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். மருந்தே இல்லாமல், சராசரி ஆறு வாரம் தங்கியதில், நோய்க்குறிகளை அளக்கிற மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அடிக்காமல், விரட்டாமல் ஒரு இடத்தில் வைத்து, வேளைக்குச் சோறும் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவரும் இருந்தால் அவ்வளவு தூரம் போகலாம் போலிருக்கிறது. 48 நாளுக்கு அப்புறம்? அதை யாராவது பின்தொடர்ந்து குறித்துவைக்கிறார்களா என்றேன். பையன் தோளைக் குலுக்கினான்.

நர்ஸக்காவுக்கு வேறு கணக்கு. அவர் கையில் உலக சுகாதார நிறுவனத்தின் ‘குவாலிட்டி ரைட்ஸ்’ கேள்விப் பட்டியல், 2012-ல் வந்தது. ஒரு மனநல இல்லம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கான கையேடு. குஜராத்தில் 2014-லிருந்து அரசு மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். நானாக இருந்தால் கட்டில் எத்தனை, டாக்டர் எத்தனை என்றுதான் தொடங்குவேன். அக்கா எடுத்தவுடன் கழிப்பறைக்குப் போய்க் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்கு போன் பேச வேண்டுமானால் பக்கத்தில் ஆள் நிற்பார்களா? சொந்தத் துணியைப் போட்டுக்கொள்ள விடுவார்களா? இதையெல்லாம் தங்கியிருக்கிறவரிடமே கேட்பார், நிர்வாகியிடம் கேட்க மாட்டார்.

சாயங்காலம் காவிரியில் கால் நனைத்தோம். திருச்சிக்கு இந்தக் கதையில் ஒரு இடம் உண்டு என்று அக்கா சொன்னார். தேசிய மனநலத் திட்டம் 1982-ல் தொடங்கி, பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. மருத்துவமனையை விட்டு வெளியே வந்து மாவட்டத்துக்குள் போக வேண்டும் என்று கர்நாடகத்தில் பெல்லாரியில் செய்து பார்த்தார்கள். அது தேறியதும் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதை முதலில் கொண்டுவந்த மாவட்டம் திருச்சிதான்.

மூன்றாம் நாள்: பெயர் சொல்லாத ஓர் ஊர்

திருச்சிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா அளவிலான அரசு ஆஸ்பத்திரி. வாரத்தில் ஒரு நாள் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வருவார். இன்று அந்த நாள்.

ஒன்பது மணிக்கே நாற்பது பேர். எல்லார் கையிலும் ஓரம் மடங்கிய நோட்டு. அதில்தான் அவரவர் வரலாறு. டாக்டர் ஒருவர், கவுன்சிலர் ஒருவர், ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கிறது. “தூக்கம் வருதா? சாப்பிடுறாரா? அதே மாத்திரை.” குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த டாக்டர் காலையிலிருந்து டீ கூடக் குடிக்கவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு ரெஜிஸ்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பேர் இருக்கிற பக்கம் காட்ட மாட்டேன் மேடம், சட்டம்” என்றார் நர்ஸம்மா. சரிதான், நோயாளி விவரம் ரகசியம் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. சந்தோஷமாக இருந்தது. வேண்டுமானால் எண்ணை மட்டும் வாசிக்கிறேன் என்று சொன்னார். ஜனவரியில் வந்தவர்களில் இருபது ஓ.பி. எண்ணை வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். அப்புறம் ஜூன் பக்கத்தைத் திருப்பி ஒவ்வொன்றாகத் தேடினோம்.

பதினொன்று கிடைத்தது. ஒன்பது இல்லை.

மாதா மாதம் மேலே போகிற அறிக்கையில் இது எங்கே வரும் என்று கேட்டேன். புது நோயாளி எத்தனை, பழைய நோயாளி எத்தனை, ஆண், பெண், நோய்வாரியாக எத்தனை: அவ்வளவுதான் கட்டங்கள். ஒரே ஆள் பன்னிரண்டு தடவை வந்தால் பன்னிரண்டு. வராத ஆளுக்குக் கட்டம் கிடையாது. வங்கியில் 90 நாள் தவணை வராவிட்டால் அந்தக் கணக்கு வாராக்கடன். மேனேஜர் எவ்வளவு மறைத்தாலும் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுத் தலைமையகத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாவிட்டால் செயல்படாத கணக்கு, அதற்கு ஒரு தனிப் பட்டியல். பணத்துக்கு இவ்வளவு கவலைப்படுகிறோம். 90 நாள் ரிஸ்பெரிடோன் மாத்திரை வாங்க வராத ஒருவரைக் காட்டிக்கொடுக்க எந்தக் கம்ப்யூட்டரும் இங்கே இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், வேறொரு ஊர். தம்பியின் மாத்திரை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் லீவு. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் ஆடிட்டில் வெளியூர். மொத்தம் பதினேழு நாள். பதினெட்டாம் நாள் அவன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டு, மேலே வந்தால் கொன்றுவிடுவார்கள் என்றான். நாலு மணி நேரம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்துகள் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக, ‘எல்லா நேரத்திலும்’ கிடைக்க வேண்டும் என்று சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்வதை அப்புறம்தான் படித்தேன். அந்தப் பதினேழு நாளும் ஏதோ ஒரு ரெஜிஸ்டரில் ஏறியிருக்குமா? ஏறியிருக்காது. அந்த மாதம் அவன் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் மாத்திரை ஏன் தீர்ந்துபோகிறது என்று கேட்டேன். தமிழ்நாட்டில் மருந்து வாங்கிக் கொடுப்பது 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் இருக்கிற தொகைக்கு மாவட்டக் கிடங்கிலிருந்து சரக்கு எடுக்கலாம். பாஸ்புக் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. நல்ல ஏற்பாடு, பல மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டது. சிக்கல் எங்கே என்றால், காய்ச்சல் மாத்திரை தினமும் போகிறது, தீர்வதும் தினமும் தெரிகிறது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போகிற மாத்திரை தீர்ந்தது அடுத்த வாரம்தான் தெரியும். “முன்கூட்டியே இண்டென்ட் போட, எத்தனை பேர் வருவாங்கன்னு எனக்குத் தெரியணுமே மேடம்.” மறுபடியும் அதே கேள்வியில் வந்து நின்றோம்.

கிளம்பும்போது நர்ஸம்மா மேஜை அறையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். ஏதோ உரக்கம்பெனி கொடுத்தது. உள்ளே பென்சிலால் எண்கள், சிலதைச் சுற்றி வட்டம். அந்த வாரம் வர வேண்டியவர் வராவிட்டால் வட்டம். வந்துவிட்டால் ரப்பரால் அழித்துவிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் சொந்த போனில் வட்டங்களைக் கூப்பிடுவார். யாரும் சொல்லிச் செய்வதல்ல, யாருக்கும் அறிக்கையும் போகாது. “பேனாவால போட்டா அழிக்க முடியாது மேடம். அழிக்கணும்னுதானே போடுறேன்.”

என்னுடைய ஒன்பது எண்ணையும் டைரியில் பார்த்தோம். மூவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் தனியார் டாக்டரிடம். இருவர் போனே எடுக்கவில்லை. மீதி இரண்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே எழுத்து: ஏ.

“ஏர்வாடி” என்றார்.

நான்காம் நாள்: பஸ்ஸில்

புதுக்கோட்டையில் காலை டிபன். ஸ்கார்ஃப் என்கிற ஸ்கிசோஃப்ரீனியா ஆராய்ச்சி அமைப்பு 2010-ல் இந்த மாவட்டத்தில்தான் ஒரு பஸ்ஸுக்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் வைத்து, சென்னை டாக்டரைத் திரையில் காட்டி, கிராமம் கிராமமாகப் போனது. சாரதா மேனன் தொடங்கிய அமைப்புதான் ஸ்கார்ஃபும். வீடியோ காலில் கல்யாணமே நடக்கிற காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. 2010-ல் பெரிது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும். டிக்கெட்டுக்குக் காசு எடுக்கக் கை நடுங்கியது. வேர்வை. நர்ஸக்கா பார்த்த உடனே என் காதில், “நிறுத்தி ஒரு நாள் ஆகியிருக்கும்” என்றார். மகள் வீட்டுக்கு வளைகாப்புக்குப் போகிறாராம், குடிக்காமல் போக வேண்டும் என்று நேற்றிலிருந்து தொடவில்லை. நல்ல மனிதர். ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் கண்ணுக்குப் பூச்சி தெரியும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. அக்கா அவரோடு காரைக்குடியில் இறங்கி, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மகளுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்தார். எங்கள் பயணத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

2019-ல் எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது உதவி கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தது 180 பேருக்கு ஒருவர். நம் மாநிலத்தில் 2003-லிருந்து சில்லறையில் விற்பதே அரசாங்கம். எந்தக் கடையில் எந்தச் சரக்கு எத்தனை பெட்டி போனது என்று அன்றன்றைக்குக் கணக்கு பார்க்கிற நிர்வாகத் திறமை நம்மிடம் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

வழியில் ஒரு தனியார் மறுவாழ்வு மையம், பெயர் வேண்டாம். குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் 2017 சட்டத்தின்படி மனநோயில் சேர்த்திதான். அதனால் இந்த மையங்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளவென்று இருந்தது. சுவரில் ‘இதுவரை குணமடைந்தோர்’ என்று நான்கு இலக்க எண். எப்படி எண்ணுகிறீர்கள் என்றேன். “மூணு மாசம் முடிச்சு வெளிய போனா ஒண்ணு.” திரும்பி வந்து சேர்ந்தால்? யோசித்தார். “அது புது அட்மிஷன் மேடம்.” அக்கா கழிப்பறையிலிருந்து வந்து தலையை ஆட்டினார். உள்தாழ்ப்பாள் இல்லை.

ஐந்தாம் நாள்: ஏர்வாடி

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வழியாக முக்கால் மணி நேரம். உடைமரம், உப்புக்காற்று. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷாவின் தர்கா. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் வருகிற இடம். விளக்கு எண்ணெய், தண்ணீர், அப்புறம் காத்திருப்பு. கனவில் பாதுஷாவின் உத்தரவு வந்தால்தான் கிளம்புவார்கள். சிலருக்கு ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு வருடக்கணக்கில் வராது.

2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. இங்கே இருந்த தனியார் மனநல விடுதி ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். ஊரிலிருந்த மற்ற விடுதிகளையும் மூடி, ஐந்நூறு பேருக்கு மேல் வெளியே கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நடத்தியவர்களுக்கு 2007-ல் ஏழு வருடச் சிறை. சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரி வருவதற்குப் பதினாறு வருடம்.

2001-ல் தம்பிக்கு நோய் வந்து நாலு வருடம். அந்த ஆகஸ்டுக்கு இரண்டு மாதம் முன்னால் என் பெரியப்பா, “ஏர்வாடியில் விட்டுவிட்டு வா, நீயும் உன் வாழ்க்கையைப் பார்” என்று சொல்லியிருந்தார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் போகவில்லை, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தர்கா வாசலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நர்ஸக்கா ஒன்றும் பேசாமல் சோடா வாங்கிக் கொடுத்தார்.

இப்போது தர்காவை ஒட்டியே அரசாங்கத்தின் ‘தவா – துவா’ கிளினிக். மருந்தும் பிரார்த்தனையும். தொழுகைக்கு வருகிறவரை விரட்டாமல், தர்காக்காரர்களே கைகாட்டி டாக்டரிடம் அனுப்புகிற ஏற்பாடு. முன்பே குஜராத்தில் ஒரு தர்காவில் செய்து பார்த்தது. இரண்டாம் நாள் குணசீலம் போகாமல் நேரே இங்கே வந்திருந்தால் நான் இதை இன்னும் சத்தமாகக் கிண்டல் செய்திருப்பேன். அந்த நாமக்கல் அம்மா என்னைக் கொஞ்சம் மாற்றிவிட்டார்.

வரிசையில் ஒரு அப்பாவும் மகனும். அப்பா மடியில் ஓரம் மடங்கிய நோட்டு, வேறொரு மாவட்டத்து ஆஸ்பத்திரி முத்திரையோடு. கடைசிப் பதிவு ஐந்து மாதத்துக்கு முன். உள்ளே போனார்கள், வந்தார்கள். கையில் புது நோட்டு.

“புது நோயாளின்னு போட்டாங்களா ஐயா?”

“ஆமாம்மா. இங்க புதுசுதானே.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த ஊரில் அவன் வராதவன், அங்கே கட்டம் கிடையாது. இந்த ஊரில் புது நோயாளி, இங்கே கட்டம் உண்டு, ஒன்று கூடிவிட்டது. இரண்டு மாவட்டத்து அறிக்கையும் சரி. பழைய கிளையில் மூடிய கணக்கைப் புதுக் கிளையில் திறந்து டார்கெட் காட்டுகிற மேனேஜர்களை நான் பிடித்திருக்கிறேன். அவர்கள் தெரிந்து செய்தார்கள். இங்கே யாரும் எதுவும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் பார்த்த டைரி நர்ஸம்மாவுக்கு போன் போட்டேன். பெயர் சொல்லவில்லை, பழைய நோட்டின் முத்திரையில் இருந்த ஊரை மட்டும் சொன்னேன்.

“நம்ம ஆள் இல்ல மேடம். அந்த ஊர் சிஸ்டர் எனக்குப் பழக்கம்தான்.” ஒரு நிமிடம் யோசித்தார். “அவங்ககிட்ட டைரி இருக்கான்னு தெரியல. கேக்குறேன். ஐயாவையே அந்த ஊருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க, இங்கதான் இருக்கோம், மாத்திரை வாங்குறோம்னு.”

சொன்னேன். அவர் போனில் காசு இல்லை. என் போனைக் கொடுத்தேன்.

ராத்திரி சென்னை ரயிலுக்கு ராமநாதபுரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நர்ஸக்கா விண்ணப்பப் படிவத்தை நீட்டியிருக்கிறார், பேனாவோடு. பாதி எழுதும்போது தம்பி போன்.

“அக்கா, அட்டையில ஆறு மாத்திரைதான் இருக்கு.”

“எண்ணினியா?”

“நேத்து ஏழு இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலைல வந்துடுவல்ல?”

“வந்துடுவேன்.”

“வர்றப்ப உப்புக்கண்டம் வாங்கிட்டு வா. நீ வைக்கிற சாம்பார் சகிக்கல” என்று வைத்துவிட்டான்.